வயிறு வீங்கினால் பெருங்காய மோர்

காலையில் தளர்வாகக் கட்டிய சுடிதார் நாடா, மதியச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் வயிற்றை அறுக்கத் தொடங்கும். எனக்கு நோய் இப்படித்தான் அறிமுகமானது. வலி பெரிதாக இல்லை. வீக்கம்தான். உள்ளே யாரோ உட்கார்ந்து சைக்கிள் பம்பு அடிப்பதுபோல. அலுவலகக் கழிப்பறையில் நாடாவைத் தளர்த்தி, துப்பட்டாவை முன்னால் பரப்பிக்கொண்டு, மறுபடி கணினி முன் போய் உட்காருவேன்.

கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. திண்டுக்கல்லிலிருந்து வேலைக்காக ஹைதராபாத் வந்தவள் நான். மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. கட்டிக்கொண்டது அதே ஊரின் மல்காஜ்கிரி பகுதியில் மூன்று தலைமுறையாக வசிக்கும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில். வீட்டில் மூன்று பேர்தான்: நான், கணவன் சாம், அவனுடைய அம்மா. மாமியாரை அத்தை என்று அழைப்பேன். ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தமிழுக்குள் உருதுவும் தெலுங்கும் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆமாம் என்பது ‘ஹவ்’, வேண்டாம் என்பது ‘நக்கோ’, ஏன் என்பது ‘கைக்கு’.

புதிதாகக் கல்யாணமானவளின் வயிறு வீங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஓர் அம்மா என் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன ஷைனி, விசேஷமா?"

நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "ஹவ், விசேஷம்தான். கேஸ். உங்களுக்கும் ஒரு சிலிண்டர் அனுப்பட்டா?"

வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். உப்புப் போட்டு, பெருங்காயம் கரைத்தது. "கண்ண மூடிட்டுக் குடி. காத்தெல்லாம் எறங்கிடும்." குடித்தேன். இறங்கவில்லை. அதற்குப் பிறகு வயிறு வீங்கும்போதெல்லாம் அந்த மோர் வந்துவிடும்.

வீக்கத்தோடு மற்றவையும் சேர்ந்துகொண்டன. வாய்ப்புண், முடி உதிர்தல், மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு. இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருந்தும் ரத்தசோகை போகவில்லை. கடைசியில் குடல் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் எண்டோஸ்கோபி (கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்திக் குடலைப் பார்ப்பது) செய்து, பயாப்ஸிக்கும் (திசுத் துணுக்கு எடுத்து ஆராய்வது) அனுப்பினார். முடிவு வந்தது. சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டால் உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலையே தாக்கும் நோய்).

டாக்டர் தெலுங்கும் ஆங்கிலமுமாகச் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன். "குடலின் உட்சுவர் கம்பளம்போல இருக்க வேண்டும். உனக்கு வழுக்கை விழுந்திருக்கிறது. அதனால் சாப்பிடுவதன் சத்து உடம்பில் ஒட்டவில்லை. இதற்கு மருந்து கிடையாது. கோதுமையை விட்டால் கம்பளம் மறுபடி வளரும். ஆனால் ஆயுள் முழுக்க விட வேண்டும்."

உண்மையைச் சொன்னால், நோய் வந்த துக்கத்தைவிட நோய்க்குப் பெயர் கிடைத்த பரபரப்புதான் எனக்கு அதிகமாக இருந்தது. ஒரே வாரத்தில் எல்லாம் படித்துத் தீர்த்தேன். சப்பாத்திக் கல்லைத் தூக்கி வெளியே வைத்தேன். ரவை, சேமியா, மைதா, பிஸ்கட் எல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போயின. ஹலீம் என்ற கறிக்கூழில் உடைத்த கோதுமை இருக்கிறது, சோயா சாஸில் கோதுமை இருக்கிறது என்று சாமுக்கு வகுப்பெடுத்தேன். சர்ச்சில் தரும் திருவிருந்து அப்பத்திலும் கோதுமைதான். அத்தை பாஸ்டரிடம் பேசி, எனக்குத் திராட்சை ரசம் மட்டும் போதும் என்று ஏற்பாடு செய்தார்.

எனக்குத் தனியாகச் சமைத்துக்கொள்கிறேன் என்றேன். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு பானை நக்கோ. நீ எதச் சாப்பிடுறியோ அதையே நாங்களும் சாப்பிடுறோம். சோறு, ரசம், சாம்பார், பொரியல். இதுல கோதுமை எங்க இருக்கு? நம்ம சாப்பாடு உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

சாம் முணுமுணுத்தான். "மம்மி, அப்ப என் சப்பாத்தி?"

"ஆபீஸ்ல தின்னு. வாயக் கழுவிட்டு வீட்டுக்கு வா."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. அரிசிச் சோற்றுக்காரர்களுக்கு இந்த நோய் ஒரு பொருட்டே இல்லை என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாதங்கள் போயின. குணமாகவில்லை.

ரத்தப் பரிசோதனையில் டி.டி.ஜி. (குளூட்டன் உள்ளே போனால் ரத்தத்தில் உயரும் எதிர்ப்பொருள்) கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. டாக்டர் என்னையே பார்த்தார். வெளியே எங்காவது சாப்பிடுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்பதுபோலத் தலையாட்டினார். இப்படியே நின்றால் மறுபடி எண்டோஸ்கோபி, அதிலும் குடல் தேறவில்லை என்றால் ஸ்டீராய்டு (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) தொடங்க வேண்டியிருக்கும் என்றார்.

திரும்பி வரும்போது பைக்கில் சாம் கேட்டான். "நெஜமாவே ஆபீஸ்ல ஒண்ணும் திங்கலையா? டீயோட ஒரு பிஸ்கட்டாவது?"

அவன் தோளிலிருந்த கையை எடுத்துக்கொண்டேன். இதை வாசிக்கும் உங்களுக்கும் இது நடந்திருக்கலாம். நோயைவிட, நம்பப்படாமல் இருப்பதுதான் உடம்பை அதிகம் இளைக்க வைக்கிறது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வீக்கத்துக்குக் காத்திருப்பேன். படம் பார்க்க முடியாது, படிக்க முடியாது. என் நாள் முழுவதும் ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் இடையில் இருந்த ஒரு காத்திருப்பு அறைதான்.

அந்தச் சமயத்தில் அத்தை ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனார். நான் சமையலில் சோம்பேறி. சோறு, தயிர், அவித்த முட்டை, வாழைப்பழம். ஒரு வாரம் அதிலேயே ஓடியது. வயிறு தட்டையானது. பல மாதங்களுக்குப் பிறகு மதியத்தில் தூங்கி வழியாமல் வேலை செய்தேன்.

அத்தை திரும்பி வந்தார். பெட்டியை வைத்த கையோடு, "ஒரு வாரமா என்ன தின்னியோ, மொகமே காஞ்சு கெடக்கு" என்று ரசம் வைத்தார். மாலைக்குள் வீங்கிவிட்டேன்.

சாம் சிரித்துக்கொண்டே சொன்னான். "மம்மி வந்தா உன் வயிறு உப்புது. டிவில வர்ற மருமக மாதிரி."

அவன் விளையாட்டாகச் சொன்னான். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அடுத்த தடவை டாக்டரும் கேட்டார், வீட்டில் ஏதாவது டென்ஷனா என்று. அத்தை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

எனக்குள் இருந்த சோதனைக்காரி விழித்துக்கொண்டாள். பிழை எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒருநாள் பொரியலை விட்டேன். ஒருநாள் சாம்பாரை விட்டேன். பிறகு ரசத்தை ஒதுக்கினேன். யாருக்கும் தெரியாமல் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கைக்கு ரசத்த தொடவே மாட்டேங்குற?"

"சும்மாதான் அத்தை. தயிர் போதும்."

"டாக்டர் சொன்னதாலயா? நான்தான் உன் டென்ஷனா?"

"அய்யோ, அது இல்ல."

"அப்ப ஊத்திக்கோ."

ஊற்றிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? அந்த வீட்டில் ரசத்தை மறுப்பது ரசத்தை மட்டும் மறுப்பது இல்லை. அன்று மாலை வயிறு உப்பியது. அத்தை மோரைக் கொண்டுவந்து வைத்தார்.

டம்ளரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ரசத்தில் இருப்பது, சாம்பாரில் இருப்பது, பொரியல் தாளிப்பில் இருப்பது, ஊறுகாயில் இருப்பது. நான் தனியாகத் தின்ற தயிர்ச்சோற்றில் இல்லாதது. அந்த டம்ளரின் அடியில் பழுப்பாகத் தங்கி நின்றது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் வெறும் சோறும் தயிரும். வயிறு அமைதியாக இருந்தது. மதியம் நானே மோர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அத்தைக்குச் சந்தோஷம். சாயங்காலத்துக்குள் நாடாவைத் தளர்த்த வேண்டியிருந்தது.

வீட்டில் பெருங்காயம் ஒரு பழைய காப்பிப் பாட்டிலில் இருக்கும். அட்டைப்பெட்டி வாங்கிய அன்றே குப்பைக்குப் போய்விடும். வீட்டுக்குள் வரும் எல்லாப் பொட்டலங்களின் பின்புறத்தையும் படித்த நான், இதை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. பிறந்ததிலிருந்து கூட இருப்பதை யார் படிப்பார்கள்?

சாயங்காலம் அத்தை மளிகைக் கடைக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். கடையில் பெருங்காயப் பெட்டியை எடுத்துத் திருப்பினேன். பொடி எழுத்தில் இருந்தது: உண்ணத்தக்க பிசின், கோதுமை மாவு, பெருங்காயம்.

"என்ன அப்படிப் படிக்கிற? பரிட்சைக்கா?" அத்தை கண்ணாடி எடுத்து வரவில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வேறு பெருங்காயத்தை வாங்கிப் பாட்டிலில் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. ரசம் ரசமாகவே இருக்கும். அத்தை அத்தையாகவே இருப்பார். ஆனால் ஊறுகாய்? சாம்பார் பொடி? இன்னொரு மாதம் நான் வெளியில் தின்கிறேன் என்று டாக்டர் நினைத்தால்?

"அத்தை, இதுல கோதுமை மாவு இருக்கு."

"எதுல?"

"பெருங்காயத்துல."

பெட்டியை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் கொடுத்து, தெலுங்கில் படிக்கச் சொன்னார். அவர் படித்தார். கட்டியாகப் பிடிக்கவும் காரம் குறையவும் மாவு சேர்ப்பார்கள் அம்மா, சிலர் அரிசி மாவு போடுவார்கள், பலர் கோதுமைதான் என்றார். அத்தை பெட்டியைத் திரும்ப அடுக்கில் வைத்தார். வரிசை கலையாமல் நேராக்கி வைத்தார்.

"வா, போலாம்."

 வீட்டு கேட்டில் கை வைத்தபோது சொன்னார். "மோருல எவ்ளோ போட்டேன் தெரியுமா? உனக்குன்னு ரெண்டு மடங்கு."

அடுத்த நாளிலிருந்து அவர் சமைப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு மட்டும். "நீயே பண்ணிக்கோமா. என் கை பட வேணாம்." சாம் சமாதானம் சொல்லப் போனான். "மம்மி, இது யாருக்குத் தெரியும்? டாக்டரே சொல்லல."

"டாக்டரா அவளுக்கு மோர் குடுத்தாங்க? நான் குடுத்தேன்."

வேண்டாம் என்று சொன்ன இரண்டு பானைகள் வந்துவிட்டன. எனக்குக் கோபம்தான் வந்தது. நோயாளி நான். வழுக்கை விழுந்தது என் குடலில். ஆறுதலும் நானேதான் சொல்ல வேண்டுமா? சொன்னேன், நான்கைந்து தடவை. அவர் "ஹவ், ஹவ்" என்று கேட்டுக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார். என்னைப் பார்த்துக்கொண்டவருக்குள்ளும் ஏதோ ஒன்று அரித்துப்போயிருந்தது. அதை எண்டோஸ்கோபியில் பார்க்க முடியாது.

ஊறுகாய், பொடிகள் எல்லாவற்றையும் அகற்றினேன். அடுத்த பரிசோதனையில் டி.டி.ஜி. நன்றாக இறங்கியிருந்தது. ஸ்டீராய்டு பேச்சே எழவில்லை. என்ன செய்தாய் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். "வெளியே சாப்பிடுகிறாய் என்று நினைத்தேன்" என்றார். இனி வருகிறவர்களிடம் இதையும் கேட்பதாகச் சொன்னார். உங்களுக்கும் இதே நோய் என்றால், மாவு சேர்த்த கூட்டுப்பெருங்காயம் பற்றி முதல் சந்திப்பிலேயே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அறிக்கையை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார்.

"அப்ப இனிமே நீயே சமைச்சா போதும். ஒடம்பு தேறிடுச்சு."

"அத்தை, நான் சமைக்கிறத என்னாலயே திங்க முடியல."

"தெரியும். வாசனை ஹால் வரைக்கும் வருது."

"அப்புறம் என்ன?"

"பயமா இருக்குமா. அரிசிய எடுத்தாகூட உள்ள என்னமோ இருக்குமோன்னு இருக்கு."

"நான் பக்கத்துல நிக்கிறேன். நீங்க போடுறத எல்லாம் பாக்குறேன்."

"என்னய டெஸ்ட் பண்ணுவியா?"

"ரசத்த."

கொஞ்ச நேரம் என்னை முறைத்துவிட்டு எழுந்தார். புளி, தக்காளி. மிளகும் சீரகமும் பொடியில்லை, முழுசாக எடுத்து நான் பார்த்த பிறகே இடித்தார். பூண்டைத் தோலோடு தட்டினார். தாளிக்கும்போது அவர் கை அலமாரியின் ஒரு மூலைக்குப் போய், காலி இடத்தில் நின்றது.

"கை தன்னால போகுது பாரு" என்றார். மாவு கலக்காத பெருங்காயம் தேடி வாங்கித் தருகிறேன் என்றேன். "நக்கோ. பூண்டு போதும்."

மூன்று பேரும் ஒரே பானையிலிருந்து சாப்பிட்டோம். ரசத்தில் ஏதோ குறைந்தது. யாரும் சொல்லவில்லை. சாம் வெளியே போய்விட்டான். அத்தையும் நானும் டிவி முன் உட்கார்ந்தோம். இரண்டு பேரும் டிவியைப் பார்க்கவில்லை. நான் என் வயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். விளம்பரங்கள் போயின, தொடர் முடிந்தது, வேறு தொடர் தொடங்கியது.

"என்ன?" என்றார் அத்தை.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா?"

"ஒண்ணுமே இல்ல அத்தை."

அவர் சோபாவில் தலையைச் சாய்த்தார். சிறிது நேரத்தில் குறட்டை வந்தது. டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். உள்ளே எதுவும் நடக்கவில்லை. வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை, நிறையப் பிற்பகல் மிச்சமிருந்தது. காத்திருக்க ஒன்றுமில்லாத அந்த நேரத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன்.