தொட்டுப் பார்க்காத சோதனை

ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் நிரல்களின் வேகத்தை அளக்கும் அந்தச் சோதனையாளர் கணினியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடேறிய கணினி மெதுவாக ஓடும், அளவு பொய்யாகிவிடும். பதினைந்து வருடமாக இதைப் பார்த்த அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் டாக்டர்.

பக்கத்து மேசைப் பொறியாளர் எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, இயங்குதளத்தில் இணையத்தில் போகும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கி அனுப்பும் நிரலை வேகப்படுத்தியிருந்தாள். அவளுடைய முதல் பெரிய வேலை அது. சோதனை நாளில் சோதனையாளரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் பழைய நிரலைக் காலையில் ஓட்டினார். புதியதை, ஏசி நின்றுபோன மதியத்தில், தொட்டுப் பார்க்காமலே ஓட்டி, 'வேகம் கூடவில்லை' என்று எழுதினார். அவள் நிரலை ஒதுக்கிவிட்டார்கள்.

மனைவி இறந்து, வேலைக்குத் திரும்பிய அன்றே அவளிடம் வந்தார்.

"தப்பு என்னோடதும்மா. மெஷின் கொதிச்சுக் கிடந்திருக்கு."

"விடுங்க சார். அன்னிக்கு டாக்டருக்கே உடம்பு சரியில்ல."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "திங்கக்கிழமை திரும்ப ஓட்டி, நானே மாத்தி எழுதித் தரேன்."

ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் போய்விட்டார்.

அவருடைய கடைசி அறிக்கை அதுதான். அது தப்பு என்று மேலதிகாரியிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அது மரியாதையா, கோழைத்தனமா என்றும் விளங்கவில்லை. கோப்பில் இன்னும் அவர் கையெழுத்துக்கு மேலே 'வேகம் கூடவில்லை' என்றே இருக்கிறது.