தானே ஓடும் காரில் நான் போகக் கேட்ட இடம்

தானே ஓடும் கார் வரட்டும் என்று என்னைப்போல் காத்துக்கிடந்தவர் இந்த ஊரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். கிள்ளிப்பாலம் சிக்னலில் கார் ஓட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு வலிப்பு வந்தது. நல்லவேளை, சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து என் கணவர்தான் எனக்கு டிரைவர். கறிவேப்பிலை வாங்கப் போனாலும் கூட வருவார். ரிட்டயர் ஆன மனுஷர், வேறு வேலையும் இல்லை. கடையில் நான் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசினால் வெளியே ஹாரன் கேட்கும். வலியசாலைத் தெருவில் எல்லோரும் எவ்வளவு பாசம் பார் என்றார்கள். எனக்கு மூச்சு முட்டியது. வீட்டுக்குள் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனி தானே ஓடும் காரைத் தயார் செய்கிறது, அதில் உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று ஜனங்களைக் கூப்பிட்டுக் கேட்கிறது என்று தெரிந்ததும் பெயர் கொடுத்தேன். அங்கேயும் அவர்தான் கொண்டுபோனார்.

வந்தவர்கள் ஆளுக்கொன்று கேட்டார்கள். மழையில் குழி தெரியாது, முன்னால் போகிற வண்டி பின்னால் வருகிற வண்டிக்குச் சொல்ல வேண்டும் என்றார் ஓர் ஆட்டோக்காரர். ஓரமாக உட்கார்ந்திருந்த என் கணவரும் கை தூக்கினார். வண்டி எங்கே நிற்கிறது, உள்ளே இருப்பவருக்கு நாடித்துடிப்பு சரியாக இருக்கிறதா, எல்லாம் வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். அவர் சம்மதிக்காமல் வண்டி நகரவே கூடாது. இதை மலையாளத்தில் விஸ்தாரமாக விளக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலிப்பு வந்தது யாருக்கு, பேசுவது யார்?

அப்புறம் சோதனைக்கு வைத்திருந்த மாதிரி வண்டியில் என்னை உட்காரச் சொன்னார்கள். ஹாலின் நடுவில் தரையோடு போல்ட் போட்டு முடுக்கி வைத்த பாதிக் கார், சக்கரம் கிடையாது. முன்னால் பெரிய திரையில் நம் ஊர் ரோடு. தனியாக ஏறிக் கதவைச் சாத்தினேன். எங்கே போக வேண்டும் என்று ஒரு குரல் கேட்டது. விழிஞ்ஞம் என்றேன். அந்தத் துறைமுகத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்னதுமே உடம்பு லேசாகிவிட்டது.

திரை அசையவில்லை. வீட்டு அனுமதிக்காகக் காத்திருப்பதாகக் குரல் சொன்னது. அந்த வசதி ஏற்கெனவே இருந்ததாம். என் கணவர் கேட்டதால் ஒரு போனை அவர் கையில் கொடுத்து, அதைப் போட்டுக் காட்டுகிறார்களாம். வெளியே போன் ஒலித்தது. பார்த்தார். நேராக வந்து கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

"விழிஞ்ஞத்துல நோக்கு ஆரு இருக்கா?"

"ஆரும் இல்லை. சும்மா போணும்னு தோணித்து."

"சும்மாவா? சொல்லியிருந்தா நான் கொண்டுபோயிருக்க மாட்டேனா?"

அவர் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

சுற்றிவந்து பக்கத்து சீட்டில் ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, போனில் அனுமதியை அழுத்தினார்.

"இனி போலாம்" என்றார்.

நான் தனியாகப் போகத்தான் ஏறியிருந்தேன். கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். திரையில் ரோடு ஓட ஆரம்பித்தது. வண்டி அவரை மட்டும் கூட்டிக்கொண்டு விழிஞ்ஞத்துக்குப் போயிற்று.