மெழுகு மட்டும் இருந்த பிளாக்

1. கவுன்டரில் அண்ணாச்சி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வந்தது போகவே இல்லை. லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கையிலும் ஒருநாள் அப்படி ஒரு பிளாக் வந்து சேரும்.

அடையாறு பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே ஹிஸ்டோபேத்தாலஜி லேபில் நான் சீனியர் டெக்னீஷியனாக இருந்தேன். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதையை மெழுகில் புதைத்து, அந்தக் கட்டியை மைக்ரோடோம் மெஷினில் மாட்டி, வெங்காயச் சருகை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி டாக்டருக்கு அனுப்புவோம். அந்த மெழுகுக் கட்டிக்குத்தான் பிளாக் என்று பெயர். ரிப்போர்ட் போன பிறகும் பிளாக்கைத் தூக்கிப் போட மாட்டோம். நோயாளிக்குப் பின்னால் தேவைப்படும் என்று பத்திரமாக வைத்திருப்போம்.

ஒரு காலையில் தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கவுன்டருக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"மேடம், எம் பொஞ்சாதியோட பிளாக்கு வேணும்னு கேன்சர் டாக்டர் எழுதிக் குடுத்திருக்காவ. இப்பவே குடுத்துட்டியன்னா டெஸ்டுக்கு இன்னைக்கே அனுப்பிருதேன்."

பின்னால் பெஞ்சில் அவர் மனைவி முத்துலட்சுமி உட்கார்ந்திருந்தார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மூச்சு இடம் கொடுக்கவில்லை. அப்படியும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மெதுவா எடுங்கம்மா. கடைய விட்டுட்டு வந்ததுல... அவுகதான் பறக்குதாவ."

சில வருடங்களுக்கு முன் அவருடைய நுரையீரலில் ஊசியால் ஒரு சிறு துண்டு எடுத்து நாங்கள்தான் பிளாக் போட்டிருந்தோம். புற்றுநோய். வைத்தியம் செய்து சரியாகி, இப்போது திரும்ப வந்துவிட்டது. அந்தச் சதையில் ஒரு ஜீன் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வீட்டில் இருந்தபடியே தினமும் மாத்திரை. இல்லாவிட்டால் டிரிப்ஸில் ஏற்றும் மருந்துதான், அதை அந்த உடம்பு தாங்குமா என்பது சந்தேகம். இப்போது இருக்கும் மூச்சுக்கு மறுபடி ஊசி குத்தினால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரத்தத்தில் செய்து பார்த்த டெஸ்டில் ஒன்றும் தெரியவில்லை. அதை வைத்து மாற்றம் இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது. ஆக, பழைய பிளாக்கை விட்டால் வேறு வழியில்லை.

2. வெளிச்சத்தில் பிடித்தபோது

பிளாக் அதன் இடத்தில்தான் இருந்தது. நம்பர் சரி. எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். ஊசி பயாப்ஸி என்றால் மெழுகுக்குள் நூல் துண்டு மாதிரி ஒரு கோடு தெரிய வேண்டும். தெரியவில்லை. திருப்பிப் பார்த்தேன், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். சுத்தமான வெள்ளை மெழுகு.

பிளாக் ரூம் அட்டெண்டர் மூர்த்தியைக் கூப்பிட்டேன்.

"இது எங்க போய் வந்துச்சு மூர்த்தி?"

"பயோபேங்க் ரூமுக்குப் போச்சு மேடம். அவுங்க கேட்டாங்கோ, எத்துனு போய்க் குடுத்தேன். திருப்பிக் குடுத்தாங்கோ, வெச்சேன். உள்ள இன்னா கீது, இன்னா இல்லன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நோயாளிகளின் சதையைச் சேர்த்து வைத்து ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் இடம்தான் பயோபேங்க். எங்கள் ஆஸ்பத்திரி அதை, பெருங்குடியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு கம்பெனியோடு சேர்ந்து தொடங்கியிருந்தது. பிளாக்கிலிருந்து சுருள் சுருளாகச் சீவி டியூபில் போட்டு அனுப்புவார்கள். அதற்கு அவர்களே தனியாக ஆள் போட்டிருந்தார்கள். ஒரு பிளாக்குக்கு இத்தனை சுருள் என்று கம்பெனி ஒரே கணக்குச் சொல்லியிருந்தது.

அந்தக் கணக்கு, ஆபரேஷனில் எடுத்த பெரிய கட்டிகளுக்குப் போட்டது. அதில் எவ்வளவு சீவினாலும் தெரியாது. ஊசி பயாப்ஸியில் நிலைமையே வேறு. மெஷினில் மறுபடி மாட்டி மேல்பக்கத்தைச் சமப்படுத்துவதிலேயே பாதி போய்விடும். எங்கள் லேபில் டிரெயினிங்குக்கு வரும் பிள்ளைக்கும் முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுப்போம். அங்கே ஒருத்தருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. நூலையும் பெரிய கட்டியையும் ஒரே மாதிரி சீவித் தள்ளிவிட்டு, வெறும் மெழுகைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

3. பெரிய டாக்டர் அறை

டிபார்ட்மென்ட் தலைவரிடம் போய் பிளாக்கை மேஜையில் வைத்தேன். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"டிஷ்யூ பத்தலைன்னு எழுதிக் குடுத்துடலாம்மா. அது பொய் இல்லையே?"

"பத்தலைன்னா எடுக்கும்போதே கொஞ்சமா இருந்துச்சுன்னு அர்த்தம் சார். இது நாம தீர்த்தது."

"அந்தம்மா கன்சென்ட் குடுத்திருக்காங்க. நோய் கண்டுபிடிச்சது போக மிச்சத்தை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாம்னு கையெழுத்து இருக்கு. எத்திக்ஸ் கமிட்டி அப்ரூவலும் இருக்கு. லீகலா நம்ம மேல தப்பு இல்ல."

"இன்னும் வைத்தியம் முடியாத மனுஷிக்கு எது சார் மிச்சம்? சரி, அதை விடுங்க. கம்பெனியில அந்தச் சுருள் இருக்கும்ல? அதை வாங்கிக் குடுங்க. அதுலயே டெஸ்ட் பண்ணலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முடியாதும்மா. பேரு, நம்பர் எல்லாம் எடுத்துட்டுத்தான் அனுப்பினோம். எது யாரோடதுன்னு கண்டுபிடிக்க நம்மகிட்டயும் வழி கிடையாது. பேஷன்ட்டோட பிரைவசிக்காகத்தான் அப்படிப் பண்ணோம்."

அப்போதுதான் நான் கத்தினேன். வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாளாம். அந்த அம்மாவின் சதை பத்து கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் ஒரு ஃப்ரீசரில் இருக்கிறது. அது அவருக்கே கிடைக்காது. காரணம் கேட்டால் அவருடைய நன்மைக்காகத்தான் என்கிறார்கள்! பேருக்குப் பதில் ஒரு ரகசிய நம்பர் போட்டு, எந்த நம்பர் யாருடையது என்ற பட்டியலை ஆஸ்பத்திரியில் பூட்டி வைத்திருக்கலாம். அப்படிச் செய்யும் இடங்கள் இருக்கின்றன. அதற்கு ஆள் வேண்டும், பொறுப்பு வேண்டும். பேருக்கும் சதைக்கும் உள்ள தொடர்பை மொத்தமாக அறுத்துவிட்டால் தொல்லை இல்லை. யாரும் திரும்பி வந்து கேட்க முடியாது.

டாக்டர் கெட்டவர் இல்லை. எத்தனையோ ஏழைகளுக்குக் காசில்லாமல் ஸ்லைடு பார்த்துக் கொடுத்தவர். அதனால்தான் என் கோபம் இன்னும் அதிகமானது.

"போய்ச் சொல்லுங்க" என்றார் கடைசியில். "நான் வந்தா அவங்க சண்டைக்கு வருவாங்க."

4. பெஞ்சில்

சொன்னேன். பிளாக்கைக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அண்ணாச்சி அதை வாங்கி என்னைப் போலவே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"மேடம், நம்ம கடையில ஜாக்கெட்டுக்கு வெட்டுனது போவ மிஞ்சுனாத்தான் அது பிட்டு. ஜாக்கெட்டே தைக்காம துணிய ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டு, பிட்டத்தானே எடுத்தேன்னு சொன்னா நாம ஒத்துக்கிடுவோமா?"

முத்துலட்சுமிதான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அவங்கள ஏன் ஏசுதீய? நாந்தான் சரின்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நாலு பேருக்கு ஒதவட்டும்னு சொன்னேன். எனக்கும் கொஞ்சம்... வச்சிருப்பாவன்னு நெனச்சேன்."

எத்திக்ஸ் கமிட்டிக்கு நான் எழுதிப் போட்டேன். ரொம்ப நாள் கழித்து, இனிமேல் ஊசி பயாப்ஸி பிளாக்குகளை பயோபேங்க் எடுக்காது என்று சுற்றறிக்கை வந்தது. அதில் வருத்தம் என்ற சொல் இருந்தது, முத்துலட்சுமி என்ற பெயர் இல்லை. அதற்குள் அவருக்கு டிரிப்ஸ் மருந்து ஆரம்பித்திருந்தார்கள். பயந்தபடியே உடம்பு தாங்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

5. ஹோட்டலில் ஒரு மீட்டிங்

அடுத்த வருடம் ஒரு பெரிய ஹோட்டலில் டெக்னீஷியன்களுக்கும் டாக்டர்களுக்கும் சேர்த்து மீட்டிங் நடந்தது. அந்தக் கம்பெனிப் பையன் ஒருவன் திரையில் படம் காட்டினான். எங்கள் ஆஸ்பத்திரி நுரையீரல் சாம்பிள்களில் இத்தனை பங்குக்கு அந்த ஜீன் மாற்றம் இருக்கிறது என்று ஒரு நீலப் பட்டை. அதே மாற்றம். அதே மாத்திரை. எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் எழுந்து மைக் கேட்டேன். "அந்த நீலப் பட்டையில இருக்கிறவங்கள்ல யாருக்காவது ரிசல்ட் போய்ச் சேர்ந்துச்சா?"

"இல்லை மேடம். அவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது, அதுதான் எத்திக்ஸ்."

லஞ்ச் ரெடி, மிச்சக் கேள்விகளை வெளியே பேசிக்கொள்ளலாம் என்று மேடையில் இருந்தவர் சொல்லிவிட்டார். அன்று நான் அங்கே சாப்பிடவில்லை.

ஆராய்ச்சிக்கு நான் எதிரி இல்லை. அந்த மாத்திரையே யார் யாரோ கொடுத்த சதையால்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கேளுங்கள், வாங்குங்கள், ஆராயுங்கள். ஆனால் யார் கையெழுத்தோடு வந்து பிளாக் கேட்டாலும் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதற்குச் சொந்தக்காரருக்கு நாளைக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவருக்குச் சீவ வேண்டும். ஒதுக்க இடமில்லை என்றால் தர முடியாது என்று சொல்லுங்கள். உங்களுக்கு மெமோ கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

நான் ரிடையர் ஆன பிறகு ஒருநாள் அண்ணாச்சி போன் செய்தார். மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை அனுப்ப வேண்டும் என்று விலாசம் கேட்டார். வைக்கப் போகும்போது கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"மேடம், அந்த டெஸ்ட கம்பெனிக்காரவ பண்ணியிருப்பாவல்லா? அவளுக்கு மாத்திரை கேட்டிருக்குமா, கேக்காதான்னு... இப்பவாவது சொல்லுவாவளா?"

சொல்ல மாட்டார்கள் அண்ணாச்சி என்றேன். சரி என்று சொல்லி, விலாசத்தை ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்டிவிட்டு போனை வைத்தார்.