ஆடி மாப்பிள்ளைகளின் வாத்தியார்

"கையை மடக்குங்க சார். மூச்ச உடாதீங்க."

கழுத்தில் கிடக்கும் டேப்பை உருவி, புதிதாக வந்தவரின் புஜத்தைச் சுற்றி இறுக்குகிறார் கன்னியப்பன் வாத்தியார். சதை பிதுங்குகிறது. "ஒம்பதரை" என்று உதட்டைப் பிதுக்குகிறார். அதே கையைப் பதினைந்து நாள் கழித்து அளக்கும்போது, டேப்புக்குள் ஒரு விரல் தாராளமாக நுழையும். "பாத்தீங்களா, பத்தே காலு! ஏறிக்கீது சார்!" இந்த மோசடி செங்கற்பட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பத்தே காலைக் காதில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவனின் நடையே தனி.

வாத்தியாருக்குப் பகலில் தையல் வேலை. காலை ஐந்திலிருந்து ஏழு வரை, கொளவாய் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகையில் தேகப்பயிற்சிச் சாலை. முறுக்கு மீசையும் தூண் போன்ற தொடையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாந்து போவீர்கள். ஆள் ஒட்டடைக்கோல். வயது நாற்பத்தைந்து இருக்கும். நூறு தண்டால் எடுத்துவிட்டு நேரே போய்ச் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்க உட்காருவார். ஊசி பிடித்த கை ஒரு நூலிழைகூட நடுங்காது.

ஊரில் யாருக்கு எப்போது உடம்பைப் பற்றிக் கவலை வரும் என்பது அவருக்குப் பஞ்சாங்கம் மாதிரி மனப்பாடம். தை மாதத்தில் ஒரு கூட்டம் வரும். காணும் பொங்கலுக்கு மகாபலிபுரம் போய்விட்டு வந்த கூட்டம். "கல்லு செலைக்குப் பக்கத்துல நின்னுகினு தன் ஒடம்பப் பாத்துக்குவாங்க சார். ரோசம் பொத்துகினு வரும். மாசி மகத்துக்குக் கடல்ல முழுகப் போவாங்க, ரோசமும் அங்கியே முழுகிப்பூடும்." கோடையில் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டவர்கள், மார்பு அரை அங்குலம் குறைகிறதென்று ஓடி வருவார்கள். வேலை கிடைத்தாலும் நின்றுவிடுவார்கள், கிடைக்காவிட்டாலும் நின்றுவிடுவார்கள்.

கொட்டகை நிரம்பி வழிவது ஆடியில்தான். புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டார் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். தனியாக விடப்பட்ட மாப்பிள்ளைக்குப் பொழுது விடியவும் மாட்டேன் என்கிறது, விடிந்தால் போகவும் மாட்டேன் என்கிறது. போதாக்குறைக்கு, திரும்பி வரும் பெண்டாட்டி தன்னைப் பார்த்து அசந்து போக வேண்டும் என்கிற ஆசை வேறு. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாகிய நான் போன ஆடியில் அங்கே போய்ச் சேர்ந்ததும் இதே லட்சணத்தில்தான். என்னோடு சேர்ந்தவர்கள் பதினான்கு பேர். ஆவணி பிறந்தது, பெண்டாட்டிகள் வந்தார்கள், கொட்டகையில் ஈ காக்கை இல்லை.

வாத்தியாருக்கு இதில் கோபமே வராது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் சிரிப்பார். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நான்தான் எதிர்ச் சாரிக்கு நழுவுவேன்.

கொட்டகை அவருடையதல்ல. நெல்மண்டி சாரங்கபாணி முதலியார் இருபது வருஷமாகச் சும்மா விட்டுவைத்தது. புரட்டாசிக் கடைசியில் முதலியார் ஒரு நாள் காலையில் வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே மூன்றே பேர்.

"ஏம்பா, என் நெல்லு மழையில நனையுது. மூணு பேரு குனிஞ்சு நிமிர இம்மாம் பெரிய கொட்டாயா? ஐப்பசி கடைசி நாளு காலையில வருவேன். பத்து பேரு இருந்தா நீயே வச்சிக்கோ. இல்லேன்னா மறுநாளே மூட்டை எறங்கும்."

முதலியார் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஐப்பசி மழையில், போர்வையை உதறிவிட்டு விடியற்காலையில் எவன் வருவான்? வீடு வீடாகப் போய்க் கூப்பிடுங்களேன் என்று அந்த மூவரில் ஒருவரான தபாலாபீஸ் கருப்பன் யோசனை சொன்னாராம். வாத்தியார் மறுத்துவிட்டார். "கூப்ட்டு வர்ற ஒடம்பு நிக்காது, அண்ணாத்த." பிறகு கழுத்து டேப்பை உருவிச் சுருட்டிக்கொண்டே சொன்னாராம்: "டெய்லர்னு கூப்ட்டா நான் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. வாத்தியாரேன்னா தூக்கத்துலயும் ஏந்திரிப்பேன். கொட்டாய் பூடுச்சின்னா எவன் என்னை வாத்தியார்னு கூப்புடுவான்?" கருப்பன் இதை என்னிடம் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டேனே தவிர, எழுந்து போகவில்லை.

தீபாவளி நெருங்கியது. ஊர்ப் பெண்களெல்லாம் ரவிக்கைத் துணியோடு வாத்தியார் கடைக்குப் படையெடுக்கிற காலம். என் மனைவி ருக்மிணியும் போனாள். அளவு ரவிக்கையை வாங்கி வைத்துக்கொண்ட மனிதர், மரியாதைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்வதாக நினைத்து, "ஒங்க வூட்டுக்காரரு ஆடியில டாண்ணு அஞ்சு மணிக்கு வந்துடுவாரும்மா. குந்தி ஏந்திரிச்சி அம்பது பஸ்கி போடுவாரு" என்று புகழ்ந்திருக்கிறார்.

அன்று மாலை காபி டம்ளர் தரையில் வைக்கப்பட்ட சத்தத்திலேயே ஏதோ கோளாறு என்று தெரிந்தது.

"நான் இல்லாதப்போ அஞ்சு மணிக்கே ஏந்திரிச்சிப் போவீங்களாமே. நான் வந்தப்பறம் ஏழு மணிக்குத் தண்ணி தெளிச்சாதான் கண்ணு தெறக்குது. அப்போ நான் வந்துதான் ஒங்களக் கெடுத்துட்டேனா?"

மறுநாள் ஐந்து மணிக்கு, தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தூறலில் நின்றேன். எனக்கு முன்னால் இன்னும் இரண்டு சாக்குகள் நின்றன. அவர்கள் வீட்டிலிருந்தும் ரவிக்கைத் துணி போயிருந்தது. முதல் தடவை வாய் தவறித்தான் சொன்னேன் என்கிறார் வாத்தியார். அடுத்தடுத்த வீடுகளுக்கு வாய் தானாகத் தவறியதா, அவராகத் தவறவிட்டாரா என்பதை இன்றுவரை சொல்ல மறுக்கிறார்.

ஐப்பசி கடைசி நாள் பேய்மழை. ஏரிப் பக்கத்துத் தெருவில் முழங்கால் தண்ணீர். ஐந்தரைக்கு நாங்கள் நாலு பேர்தான். வாத்தியார் வாசலைப் பார்க்காமல், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு ஒருவர், அடுத்து இருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரைக் கலக்கியபடி வந்தார்கள். "வூட்ல கதவச் சாத்திட்டாங்க சார், வேற எங்க போறது?" என்றார் ஒருவர். ஆறு மணிக்குப் பதினொரு பேர். பஸ்கிக்கு எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்த வாத்தியார், முப்பத்தேழு என்றார். அடுத்ததற்கும் முப்பத்தேழு என்றார். யாரும் திருத்தவில்லை. அந்த முப்பத்தேழையும் சேர்த்தே போட்டோம்.

முதலியார் வந்தார். மூன்று படி ஏறுவதற்குள் மூச்சு இரைத்து, குடையோடு வாசலில் நின்று விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"சரி, வச்சிக்கோ. நெல்ல மில்லுல அடுக்கிக்கறேன்" என்றார்.

சொன்னவர் திரும்பிப் போகவில்லை. இரைப்பு அடங்காமல், எங்கள் கால்கள் மடங்கி நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாத்தியார் அவரிடம் போனார். அவர் கையிலிருந்த குடையை வாங்கி, நீரை உதறி, மடக்கிச் சுவரில் சாய்த்தார். வரிசைக்குத் திரும்பி வந்து, பக்கத்தில் பக்கத்தில் நின்ற என்னையும் கருப்பனையும் தோளைப் பிடித்து ஆளுக்கு ஓரடி விலக்கி, நடுவில் இன்னொரு ஆள் நிற்க இடம் விட்டு நிறுத்தினார்.