ஒருதரம் கேட்டால் போதுமா

மக்டலீனுக்கு ஒரு வியாதி உண்டு. டொக்டர் கண்டுபிடிக்கிற வியாதி அல்ல. யார் எது வேண்டுமா என்று கேட்டாலும் வாய் முந்திக்கொண்டு "வேண்டாம்" என்று சொல்லிவிடும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை. கேட்டவுடன் தலையாட்டினால் காய்ந்த மாடு கம்பில் விழுந்தது போல் இருக்கும். கேட்டவரும் விடமாட்டார், இரண்டாம் தரம் கேட்பார். அதற்குப் பிறகு மரியாதையாக ஒப்புக்கொள்ளலாம். மாதா கோவிலில் சிநேகிதி றோஸ்மேரி தேத்தண்ணீர் கொடுப்பதும் இவள் வாங்குவதும் இருபது வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

மகள் ஜெசிகா கனடாவில் பிறந்தவள். அவளுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் நிலவறையில் மக்டலீனுக்குத் துணி தோய்க்கிற வேலை. அங்கே ஜன்னல் கிடையாது. வேலை முடிந்து வந்தால், ரூஜ் பகுதியில் மகன் றொய்சன் வீட்டு பேஸ்மென்ட். அங்கே ஜன்னல் உண்டு, ஆனால் மாரிக் குளிரில் பனி அதை மூடிவிடும். மனுஷி மூச்சு முட்டித்தான் போயிருந்தாள். அதனால்தான் ஜெசிகா படிக்கப்போன அந்த அரிசோனா ஊரை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அப்படி ஆசைப்பட்டாள். போன பெப்ரவரியில் றொய்சன் டிக்கெட் போட்டுக் கொடுத்தான், ஐந்து நாளுக்கு.

ஜெசிகாவின் அப்பார்ட்மென்ட் மூன்றாம் மாடியில். கீழே தெரு முழுக்கப் பிள்ளைகள். பெப்ரவரி மாதத்தில் அரைக் காற்சட்டையோடு சைக்கிள் ஓடினார்கள், பாட்டுப் பாடினார்கள், நாய்க்குட்டிக்கும் ஐஸ்கிரீம் தீத்தினார்கள். தெரு முடிகிற இடத்தில் ஆளை விட உயரமான கள்ளி மரங்கள். இதையெல்லாம் மக்டலீன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தாள்.

"அம்மா, நானும் கூடப்படிக்கிற பிள்ளையளும் கீழ போறம். வாறீங்களோ?"

"உனக்கேன் வீண் கரைச்சல். நீ போட்டு வா."

"ஓகே அம்மா, ரெஸ்ட் எடுங்கோ."

கதவு சாத்துப்பட்டது. மக்டலீன் கதவுக்குப் பின்னால் சப்பாத்தும் போட்டு, தலையும் வாரி இழுத்து, வெளிக்கிட்டபடி நின்றாள். மகளில் கோபம் வந்தது. தன் வாயில் அதைவிடக் கோபம் வந்தது. ஐந்து நாளும் இதே கூத்துத்தான். பிறகு பிளேன் ஏறி, விட்ட இடத்திலிருந்து துணி தோய்க்கத் தொடங்கினாள்.

ஏப்ரலில் ஜெசிகா போன் எடுத்தாள். "அம்மா, மே பதினாறு என்ர கிராஜுவேஷன். லிங்க் அனுப்புறன், வீட்டிலயே இருந்து பாக்கலாம்."

"ஏன், நான் வரக்கூடாதோ?" இதை எப்படிக் கேட்டாள் என்று மக்டலீனுக்கே தெரியவில்லை.

"உங்களுக்கு இந்த ஊர் பிடிக்கேல்லையே. ஒரு நாள் கூட வெளிக்கிடேல்லை."

"ஆர் சொன்னது? நீ கேட்டால்தானே."

"அஞ்சு நாளும் கேட்டனான் அம்மா."

"ஒவ்வொரு நாளும் ஒருக்காத்தானே கேட்டனீ."

ஜெசிகா மெதுவாகச் சொன்னாள். "விழாவுக்கு உள்ள வர எனக்கு ரெண்டு டிக்கெட்தான் தந்தவை. அண்ணாவுக்கு லீவு இல்லை, நீங்களும் வரமாட்டீங்கள் எண்டு ரெண்டையும் கூடப்படிக்கிற மாக்கஸின்ர அம்மா அப்பாவுக்குக் குடுத்திட்டன். திருப்பிக் கேக்கட்டோ?"

மக்டலீன் அந்த மூன்றாம் மாடிக் கண்ணாடியை நினைத்தாள். யாரோ ஒரு தாய் அந்தத் தெருவில் நடக்கப் போகிறாள்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதே? அவையும் பெத்தவை தானே. எனக்குப் பரவாயில்லை."

"உண்மையாவோ அம்மா? உண்மையாப் பரவாயில்லையோ?"

பிறந்து இருபத்திரண்டு வருடத்தில் மகள் ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்டது இதுதான் முதல் முறை. மக்டலீன் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ஓம் பிள்ளை, உண்மையாத்தான்."

ஜெசிகா அதையும் நம்பினாள்.