பட்டைத் தண்ணீரில் நனைத்த வேட்டி

என் மூத்த மகள் கல்யாணத்தன்று முகூர்த்தம் முடிய அரை மணி நேரந்தான் இருந்தது. மாப்பிள்ளை இன்னும் இடுப்பில் ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். காரணம் வேட்டி.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைக்கு வேட்டி கொடுப்பது பெண்ணின் தாய்மாமன். என் மைத்துனர் கதர்க்கட்சி. தாமே நூற்ற நூலில் நெய்த வேட்டியைத் தட்டில் ஏந்தி வந்தார். சம்பந்தியோ வெள்ளைக்காரனுக்கு வேண்டிய மந்திரிமார் கட்சி. ஜோலார்பேட்டையில் ரயில் உத்தியோகம்.

"கதரு என் புள்ள இடுப்புல ஏறாது. இந்தாங்க, சீமை மல்லு" என்று மெல்லிசான வேட்டி ஒன்றை நீட்டினார் சம்பந்தி.

"அது ஏறினா நான் கெளம்பிட்றேன். தாய்மாமன் இல்லாம தாலி கட்டுங்க."

"போங்களேன். ராட்டையையும் தூக்கினு போங்க!"

"மாமா, எதுனா ஒண்ணு குடுங்க, குளிருது" என்றார் மாப்பிள்ளை. உள்ளே மணக்கோலத்தில் என் மகள் அழும் சத்தம் கேட்டது. முருகா, என் பெண்ணைக் கரையேற்று என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஆம்பூரில் தோல் பதனிடும் கம்பெனியில், தோல் ஊறும் தொட்டிக்கு ஆவாரம்பட்டை நிறுத்துப் போடுவது என் வேலை. அங்கே மேஸ்திரியாக இருந்த பாய், பந்தலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவர், கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இன்னா தோஸ்த், இதுக்கா இவ்ளோ பேஜாரு? மஞ்சத் தண்ணில நனைச்சுத்தான கட்டுவீங்க? ரெண்டையும் இப்டி குடு."

கம்பெனி அடுத்த தெரு. பத்தே நிமிஷத்தில் ஒரே ஒரு வேட்டியைச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தார். மஞ்சளுமில்லாமல் காவியுமில்லாமல் ஒரு நிறம்; நனைந்து சுருண்டு கிடந்ததில் முரடா மெல்லிசா என்பதும் தெரியவில்லை.

"புதுசா ஊறப்போட்ட பட்டைத் தண்ணி. தோலு இன்னும் படல, அல்லா மேல ஆணை. இன்னொண்ணு தொட்டிலயே கெடக்குது. எது எதுன்னு கேக்காதீங்க. தொட்டும் பாக்காதீங்க, கறை லேசுல போவாது."

இரண்டு பெரியவர்களும் வெள்ளை வெளேரென்று உடுத்தியிருந்தார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு படுமளவுக்குக் குனிந்து பார்த்தார்கள். மைத்துனர் முகம் மலர்ந்தது. சம்பந்தி முகமும் மலர்ந்தது. இருவரும் ஒரே மூச்சில், "கட்டச் சொல்லுங்க" என்றார்கள்.

மாப்பிள்ளை நடந்த வழியெல்லாம் சொட்டியது. அந்த வேட்டியோடு முடிச்சுப் போட்ட என் மகளின் கூறைப்புடவை ஓரமும் நிறம் மாறியது. தாலி ஏறிவிட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பந்தியில் இருவரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தார்கள். மைத்துனர் என் காதருகே, "நம்ம கதருதான் மச்சான். அவர்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு ஒடைஞ்சிடுவாரு" என்றார். கை கழுவும் இடத்தில் சம்பந்தி என்னை நிறுத்தி, "நெசவப் பாத்தாலே தெரியுது, மல்லுதான். பாவம், உங்க மைத்துனருக்குத் தெரிய வேணாம்" என்றார்.

அன்றிலிருந்து சம்பந்தி தம் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் என் மைத்துனரை அழைக்காமல் இருந்ததில்லை. தோற்றுப்போன மனுஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இவர் அவரையும், அவர் இவரையும் தாங்கினார்கள். எந்த வேட்டி என்று நான் பாயைக் கேட்டதே இல்லை.