சாக்லேட்டை விடாமல் இளைத்தேன்

எனக்குச் சம்பளம் கொடுப்பதே சாக்லேட் தின்பதற்குத்தான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கல்யாண வீடுகளில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் என்ன வேலை என்று கேட்பார்கள். சொன்னதும் என் இடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதான் பாத்தாலே தெரியுதே" என்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே சிலரிடம் நான் ஆபீஸ் கிளார்க் என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் தம்போயில், எங்கள் வீட்டு முனையிலேயே சாக்லேட் கம்பெனி பஸ் வந்து நிற்கும். அந்தச் சாக்லேட் தொழிற்சாலையில் பல வருடங்கள் பெட்டி கட்டும் பிரிவில் நின்றுகொண்டே வேலை செய்தேன். ஒரு சமயம் ருசிப்புக் குழுவுக்கு ஆள் எடுக்கிறோம் என்று எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து நாக்கைச் சோதித்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் எந்தப் பாடத்திலும் முதலாவதாக வந்ததில்லை. அன்றைக்கு வந்தேன். நின்று நின்று வீங்கிய கால்களுக்கு அன்றோடு விடுதலை. வெள்ளைக் கோட்டு, சிவப்பு விளக்கு எரியும் சின்னத் தடுப்பறை, எனக்கென்று ஒரு நாற்காலி. சாக்லேட்டின் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சிவப்பு விளக்கு. அங்கே கண்ணுக்கு வேலை இல்லை. நாக்குக்கும் மூக்குக்கும்தான் வேலை. அந்த நாற்காலியைத் தாலியைக் காப்பாற்றுவது போலக் காப்பாற்றினேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார், அதனால் சொல்லவில்லை.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. ருசிப்புக் குழுவில் இருப்பவர்கள் வருடா வருடம் கம்பெனி டாக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும். டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா, சிரித்த முகம். அன்று சிரிக்கவில்லை. அவர் மலாயில் சொன்னதை நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"இனிப்பு நீர் ஒங்க வாசல்ல வந்து நிக்குது. இன்னும் உள்ள வரல. பத்து கிலோவாவது எளைக்கணும். அடுத்த செக்கப்புலயும் இப்படியே இருந்தீங்கன்னா ருசி பாக்குற வேலைக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன். பெட்டி கட்டுற பக்கமே போயிடுங்க."

சர்க்கரை வியாதியை நினைத்துப் பயந்தேனா என்றால், அதுவும்தான். ஆனால் முதலில் நினைவுக்கு வந்தது அந்த நாற்காலிதான். நாளைக்கே அதில் வேறு ஒருத்தி உட்கார்ந்து, வாயில் சாக்லேட்டை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள் என்று நினைத்தபோது எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் விடிவதற்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். எதையும் நாலு வார்த்தையில் முடித்துவிடுவார்.

"சாக்லேட்ட விட்டுடு லா. தன்னால எளைச்சிடுவ."

"என் வேலையே அதுதாங்க."

"வாயில போட்டுட்டுத் துப்பிடு. யாரு பாக்கப் போறா?"

துப்புவதற்கு எங்கள் தடுப்பறையில் மூடி போட்ட கிண்ணம் உண்டு. விருப்பப்பட்டவர்கள் துப்பலாம். நான் அதுவரை அதைத் தொட்டதே இல்லை. மறுநாளிலிருந்து தொட்டேன். வீட்டிலும் சாக்லேட் கிடையாது. குளிர்பெட்டியில் இருந்ததையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பெரிய தியாகம் செய்தவளாக நிமிர்ந்து நடந்தேன்.

நாக்கு சும்மா இருக்குமா? சாக்லேட் போன இடத்தில் முறுக்கு வந்தது, பஸ் நிற்கும் இடத்தில் விற்கும், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் வந்தது. தே தாரிக் என்ற பால் தேநீர் ருசியே தெரியாமல் குவளை மேல் குவளையாக இறங்கிக்கொண்டிருந்தது. சாக்லேட்டைத்தான் விட்டுவிட்டோமே என்ற தைரியத்தில் சோற்றையும் ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டேன். வீட்டில் இருப்பவர்களுக்கு என் வாயிலிருந்து வசவுதான் கிடைத்தது. மாதக் கடைசியில் தராசில் ஏறிப் பார்த்தால் எடை கூடியிருந்தது. தராசைத் தூக்கித் தோட்டத்தில் எறியலாமா என்று தோன்றியது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் ருசிப்புக் குழுவுக்குத் தலைவி ஒரு சீன அம்மா. மேடம் என்று கூப்பிடுவோம். அதட்டிப் பேச மாட்டார். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் மேசைக்கு எதிரே உட்கார வைத்தார். மற்றவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் மதிப்பெண் போட்டால், நான் மட்டும் வேறு பக்கம் போடுகிறேனாம்.

"புகை வாடை இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, நீங்க மட்டும் இல்லங்கறீங்க. துப்புறீங்களா?"

"ஆமா மேடம். டாக்டர் எளைக்கச் சொன்னாங்க."

"சில பேருக்குத் துப்பினாலும் ருசி தெரியும். ஒங்களுக்குத் தெரியாது. ஒங்களுக்குப் பாதி ருசி தொண்டையில இருக்கு. முழுங்குனாத்தான் நீங்க நீங்க. இப்படியே போனா ஒங்க மார்க்க நான் எடுத்துக்க முடியாது."

எழுந்து வெளியே வந்தேன். விழுங்கினால் டாக்டர் என்னை எழுப்பிவிடுவார், துப்பினால் மேடம் எழுப்பிவிடுவார். எந்தப் பக்கம் போனாலும் நாற்காலி போய்விடும். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால்தான் மூளை வேலை செய்யும், அது என் சுபாவம்.

மேடம் சொன்னதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். அறையில் நான் எப்படிச் சாப்பிடுகிறேன்? வயிறு முட்டப் போவதில்லை. முன்னால் வெந்நீரில் வாயைக் கொப்பளிக்கிறேன். ஒரு சின்னத் துண்டை எடுத்து நாக்கில் வைத்து, கடிக்காமல், அது உருகும்வரை காத்திருக்கிறேன். மூக்கு வழியாக மூச்சை விட்டு மணத்தைப் பிடிக்கிறேன். பிறகுதான் விழுங்குகிறேன். ஒரு நாள் முழுக்க ருசித்தாலும் உள்ளங்கை நிறையாது. அவ்வளவு கொஞ்சமாகத்தான் நான் வேலையில் சாக்லேட் தின்கிறேன்! அப்படியானால் இந்த உடம்பு எங்கிருந்து வந்தது? நான் ருசி பார்க்காமல் உள்ளே தள்ளிய எல்லாவற்றிலிருந்தும் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்பளம் வாங்குகிற நாக்கை வீட்டுக்கு வந்ததும் தூங்க வைத்துவிட்டு, கையை மட்டும் வேலை வாங்கியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன். வெந்நீரில் வாய் கொப்பளித்தேன். டிவியை நிறுத்தினேன். சோற்றையும் நெத்திலிச் சம்பாலையும் கொஞ்சம் பிசைந்து வாயில் வைத்து, கண்ணை மூடி, மெதுவாக மென்றேன். என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அலமாக்! சோறு சாப்பிடுறியா, சாமி கும்பிடுறியா?"

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் சில கவளம் அமிர்தம். வெங்காயத்தின் இனிப்பு, பிலாச்சான் என்ற இறால் விழுதின் வாடை, நெத்திலியின் உப்பு, எல்லாம் தனித்தனியாக வந்தன. அப்புறம் ஒவ்வொன்றாக மங்க ஆரம்பித்தது. தட்டில் பாதி மிச்சம் இருக்கும்போதே நாக்கு கடையை மூடிவிட்டது. மிச்சத்தை மூடி வைத்தேன். பசி இல்லை. இத்தனை வருடமாக அந்தப் பாதியை யாருக்காகத் தின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

தே தாரிக்கை அதே மாதிரி ருசித்தபோது பெரிய ஏமாற்றம். சீனியையும் பாலையும் தவிர அதில் எதுவுமே இல்லை. தேயிலையைத் தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. அன்றோடு தே ஓ கோசோங்தான், சீனி இல்லாத கறுப்புத் தேநீர். கறிபாப் இரண்டாவது கடியிலேயே தோற்றுப்போனது. வேலைக்குப் போகும்போது அடுத்த நிறுத்தம்வரை நடந்து போய் பஸ் ஏற ஆரம்பித்தேன்.

சாக்லேட்டை மட்டும் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். மேடத்திடம் போய், "இனிமே முழுங்குறேன் மேடம்" என்று சொன்ன அன்றைக்கே ஒரு நல்ல கறுப்புச் சாக்லேட் வாங்கினேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் சின்னத் தட்டில் ஒரு துண்டு. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தால், உலகமே காத்திருக்க வேண்டியதுதான். முதலில் கசப்பு வரும், பின்னால் உலர்ந்த திராட்சையின் புளிப்பு, கடைசியில் தொண்டையில் வறுத்த வாசனை ஒன்று நின்று நின்று போகும். ஒரு துண்டு போதுமா என்று கேட்பார்கள். அப்படித் தின்றால் இரண்டாவது துண்டுக்கு இடமே இருக்காது. சில நாள் கழித்து என் வீட்டுக்காரர் எதிரே வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். கொடுத்தேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டார். நான் சாமி கும்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை, ஆனால் கேட்க எனக்கு வாய் துடித்தது.

இதெல்லாம் சொந்த வீட்டில் நடக்கும். தீபாவளிக்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் அண்ணி வீட்டுக்குப் போனால் நடக்குமா? அண்ணி என் வீட்டுக்காரருடைய அக்கா. அந்த வீட்டில் வேண்டாம் என்றால் உங்க வீட்டுச் சாப்பாடு நல்லா இல்லை என்று அர்த்தம். கொஞ்சம் போடுங்க என்றால் இன்னும் போடுங்க என்று அர்த்தம். உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் ரசம் தனியாக வைத்து அதையும் சேர்த்து ஊட்டுவார்கள். போன தீபாவளிக்கு அங்கே போய்த்தான் புடவையின் மடிப்பைத் தளர்த்திக்கொண்டு திரும்பினேன்.

இந்த முறையும் தட்டில் முதலிலேயே லட்டு வந்து விழுந்தது. சின்னப் பந்து அளவு. அண்ணி அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே நின்றார். கூடம் நிறைய சொந்தக்காரர்கள். நான் ஒரு ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். பழக்கதோஷத்தில் கண் மூடிக்கொண்டது. மூச்சை மூக்கு வழியாக விட்டேன்.

"அண்ணி, பச்சைக் கற்பூரம் போட்டிருக்கீங்களா?"

அண்ணியின் கை அப்படியே நின்றது.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஏலக்காய்க்குப் பின்னால வருது. ரொம்பக் கொஞ்சம். ஒரு சிட்டிகைகூட இருக்காது. நெய்ய நல்லா வாசம் வர உருக்கியிருக்கீங்க. அதான் தொண்டை வரைக்கும் மணக்குது."

அண்ணியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கையிலிருந்த லட்டைத் தட்டத்திலேயே போட்டுவிட்டு, கூடத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

"கேட்டீங்களா? கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்த வீட்டுல லட்டு புடிக்கிறேன். உள்ள தள்ளுனீங்களே, ஒருத்தராவது இத கண்டுபுடிச்சீங்களா? இவ ஒருத்திக்குத்தான் லா நாக்கு இருக்கு!"

அப்புறம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு பலகாரத்திலும் துளித்துளியாகக் கொடுத்து, இதில் என்ன, அதில் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தட்டை நிரப்ப அவருக்கு ஞாபகமே வரவில்லை. மற்றவர்களெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டு சாய்ந்து கிடக்க, நான் அந்த வீட்டிலேயே அதிகம் பாராட்டு வாங்கி, கொஞ்சம் மட்டும் சாப்பிட்டு எழுந்தேன். காரில் ஏறியதும் வாய்விட்டுச் சிரித்தேன். புடவையின் மடிப்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

செக்கப் நாள் வந்தது. தாதி என்னைத் தராசில் ஏற்றினாள். இறங்கச் சொல்லி, தராசை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி ஏற்றினாள். அதே எடைதான். பத்து கேட்டார்கள், பன்னிரண்டு கிலோ போயிருந்தது. டாக்டர் இரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இந்த முறை சிரித்த முகம்.

"பாத்தீங்களா, சாக்லேட்ட விட்டதும் எப்படிக் கொறைஞ்சிருக்கு!"

"விடல டாக்டர். தெனம் சாப்பிட்டேன். இங்கயும் சாப்பிட்டேன், வீட்டுக்குப் போயும் சாப்பிட்டேன்."

டாக்டர் என்னையும் கணினித் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். விளக்கம் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசத் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை. "இனிப்பு நீரும் இல்ல, வாசல்ல யாரும் இல்ல. போயி ஒங்க எடத்துல உக்காருங்க" என்று மட்டும் சொன்னார்.

மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன். மேடம் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அன்றைய மாதிரிக் கிண்ணங்களை என் தடுப்பறைக்குள் தள்ளினார். வெள்ளைக் கோட்டை மாட்டினேன். போன வருடம் பொத்தான் பக்கம் இறுக்கியது இப்போது தொளதொளவென்று தொங்கியது. உட்கார்ந்தேன். என் நாற்காலி. பெட்டி கட்டும் பிரிவில் இல்லை, இங்கே, என் நாக்குக்காக என்னை வைத்திருக்கிற இடத்தில். முதல் துண்டை எடுத்து நாக்கில் வைத்ததும் அழுகை வந்தது. ஆனால் அழுதால் மூக்கு அடைக்கும், மூக்கு அடைத்தால் மணம் பிடிபடாது. எல்லாக் கிண்ணமும் முடியட்டும், அப்புறம் அழுதுகொள்ளலாம் என்று கண்ணீரைக் காத்திருக்க வைத்துவிட்டு, வாயில் உருகியதை நிதானமாக விழுங்கினேன்.